எச்சம் சொல்லும் சாட்சி

1982ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி மாலை 4.10 மணிக்கு, மேற்கு ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் இருந்த கன அயனி ஆய்வு மையத்தில் ஓர் அணு வந்து விழுந்தது. பல நாட்களாக அங்கே இரும்பின் அணுக்கருக்களை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு முடுக்கி, மெல்லிய பிஸ்மத் தகட்டின் மீது மோதவிட்டுக் கொண்டிருந்தார்கள். எண்ணற்ற மோதல்களில் ஒன்றே ஒன்றில், இரும்பின் 26 புரோட்டான்களும் பிஸ்மத்தின் 83 புரோட்டான்களும் ஒன்று கூடி 109 புரோட்டான்கள் கொண்ட ஒரு கருவாகி நின்றன. அந்தக் கரு பறந்து சென்று ஒரு சிலிக்கான் தகட்டில் பதிந்தது. 5 மில்லி நொடி கழித்து, பதிந்த அதே இடத்திலிருந்து 11.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஓர் ஆல்ஃபா துகள் கிளம்பியது. 22 மில்லி நொடி கழித்து இன்னோர் ஆல்ஃபா. இது தகட்டை விட்டு வெளியே பாய்ந்துவிட்டதால் தன் ஆற்றலில் சிறு பகுதியை மட்டுமே பதிவு செய்தது. அதன் பின் 12.9 நொடிகள் எதுவும் நிகழவில்லை. பிறகு, அதே இடத்தில், எஞ்சியிருந்த கரு இரண்டாகப் பிளந்தது.

மொத்தம் 13 நொடிகள். நாடாவில் நான்கு பதிவுகள். இந்த நான்கு பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு கோட்ஃப்ரீட் மூன்ஸன்பெர்க், பீட்டர் ஆர்ம்புரூஸ்டர், சிகுர்ட் ஹோஃப்மன் முதலானோர் அடங்கிய குழு, தாங்கள் 109ஆம் தனிமத்தைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு இன்றுவரை நிற்கிறது. அத்தனிமத்துக்கு இன்று மைட்னேரியம் என்று பெயர்.

அந்த அணுவை யாரும் பார்க்கவில்லை. அதை எடை போட்டவரோ, நிறம் கண்டவரோ, இன்னொன்றோடு சேர்த்துச் சோதித்தவரோ இல்லை. அது இருந்தது என்பதற்கு ஒரே ஆதாரம் அது இறந்த விதம். மறைந்துபோன சில தமிழ் நூல்களை, உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டிய ஒருசில வரிகளிலிருந்து மட்டுமே நாம் அறிகிறோம் அல்லவா, ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் நூல் விஷயத்தில் மேற்கோள் காட்டிய உரையாசிரியரை நாம் நம்புகிறோம். இங்கே யாரை நம்புவது? ஒரே ஒரு முறை நிகழ்ந்து, நொடிக்குள் அழிந்து, பெரும்பாலும் திரும்ப நிகழாத ஒன்றை எப்படி உண்மை என்று ஏற்பது? மீகனமான அணுக்கருக்களை ஆராய்ந்தவர்கள் தொண்ணூறு ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு போராடி வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டெடுத்த வழிகளின் வரலாறு, ஒரு வகையில், சாட்சியம் என்றால் என்ன என்பதன் வரலாறும் ஆகும்.

*

தொடக்கத்திலேயே ஒரு பிழை இருக்கிறது. 1934இல் ரோம் நகரில் என்ரிக்கோ ஃபெர்மியும் அவருடைய இளம் நண்பர்களும் யுரேனியத்தின் மீது நியூட்ரான்களைச் செலுத்தினார்கள். புதிய கதிரியக்கம் தோன்றியது. அது அறியப்பட்ட எந்தக் கன உலோகத்தின் வேதிக் குணத்தோடும் பொருந்தவில்லை. எனவே யுரேனியத்துக்கு அப்பால் உள்ள புதிய தனிமங்கள் உருவாகியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அவற்றுக்கு ஆசோனியம், ஹெஸ்பீரியம் என்று பெயர்களும் வழங்கின. கரு பெரிய துண்டுகளாக உடைந்திருக்கவும் கூடுமே என்று ஈடா நோடாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதே ஆண்டில் எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1938 டிசம்பரில் ஃபெர்மி நோபல் பரிசு பெற்றார். அதே மாதம் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஷ்ட்ராஸ்மனும் யுரேனியத்திலிருந்து பேரியம் கிடைப்பதைக் கண்டார்கள். நாடு கடந்து வாழ்ந்த லீஸா மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷும் அதன் பொருளை விளக்கினார்கள்: கரு பிளந்திருக்கிறது. புதிய தனிமங்கள் என்று கருதப்பட்டவை பழைய தனிமங்களின் சிதறல்களே.

கதிரியக்கம் தெரிகிறது என்பது ஒரு செய்தி, அது யாருடைய கதிரியக்கம் என்பது வேறொரு செய்தி. முதலாவதைக் கண்டு இரண்டாவதைச் சொல்லிவிடும் ஆசையே இத்துறையின் நிரந்தரச் சபலம் என்று தோன்றுகிறது.

1940இல் கியோர்கி ஃப்ளெரோவும் கான்ஸ்தந்தீன் பெத்ர்ஷாக்கும் யுரேனியம் எந்தத் தூண்டுதலும் இன்றித் தானாகவே பிளப்பதைக் கண்டார்கள். மிக மிக அரிதாக நிகழும் செயல் அது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள்தான் பிளவைத் தூண்டுகின்றனவோ என்ற ஐயத்தைப் போக்க, தங்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு மாஸ்கோவின் தினாமோ சுரங்க ரயில் நிலையத்துக்குள் இறங்கினார்கள். அவ்வளவு ஆழத்திலும் பிளவு நிகழ்ந்தது. தன்னிச்சைப் பிளவு என்ற இந்த நிகழ்வு மீகனமான கருக்களின் வாழ்வில் எமனாக நிற்பது. புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை, எண்ணிக்கை கூடக் கூட, கருவைக் கட்டி வைத்திருக்கும் விசையை மீறத் தொடங்குகிறது. எனவே ஒவ்வொரு புதிய தனிமமும் முந்தையதைவிட அரிதாகப் பிறந்தது, பெரும்பாலும் விரைவாகவும் மறைந்தது.

1955இல் பெர்க்லியில் 101ஆம் தனிமம் கண்டறியப்பட்ட கதையை அறிவியல் ஆர்வலர்கள் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆல்பர்ட் கியோர்சோ, கிளென் சீபோர்க் முதலானோரிடம் அப்போது இருந்த ஐன்ஸ்டைனியம் ஏறத்தாழ நூறு கோடி அணுக்கள்தாம். கண்ணுக்குத் தெரியாத அளவு. அதை வீணாக்க முடியாது. எனவே ஒரு தந்திரம் செய்தார்கள். ஆல்ஃபா துகள் வந்து மோதும்போது உருவாகும் புதிய அணு, மோதலின் வேகத்தில் இலக்கை விட்டுத் தெறித்து வெளியேறும். இலக்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய பொன் தகட்டை வைத்து அதை ஏந்திக்கொண்டால், இலக்கு அப்படியே இருக்கும், புதிய அணு மட்டும் தனியே கைக்கு வரும். பொன் தகட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் ஓட, கியோர்சோ தன் ஃபோக்ஸ்வாகன் காரில் குன்றின் மேலிருந்த ஆய்வகத்துக்கு விரைவார். அங்கே தகட்டைக் கரைத்து, வேதி முறையில் பிரித்து, எண்ணும் கருவியில் வைத்துக் காத்திருப்பார்கள். கருவியை ஒரு தீ எச்சரிக்கை மணியோடு இணைத்திருந்தார்கள். ஒவ்வோர் அணு பிளக்கும்போதும் மணி அடித்தது. தீயணைப்புத் துறையினர் வந்து அதை நிறுத்தச் சொல்லும்வரை அந்த வேடிக்கை நடந்தது.

கிடைத்தவை 17 அணுக்கள். மெண்டலீவியம் என்று பெயர் சூட்டினார்கள். தனிமம் ஒன்றை அணு அணுவாக எண்ணிக் கண்டுபிடித்த முதல் நிகழ்வு அது. ஆனால் அந்த அணுக்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிரோடிருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. காரில் ஏற்றிச் செல்ல நேரம் இருந்தது. அமிலத்தில் கரைக்க நேரம் இருந்தது. நொடிகளில் சாகும் கருவை எந்தக் காரில் ஏற்றிச் செல்வது?

*

இங்கேதான் இரண்டு வழிகள் பிரிந்தன. அவற்றின் பின்னால் இரண்டு வல்லரசுகளும் நின்றன.

மாஸ்கோவுக்கு வடக்கே வோல்கா நதிக்கரையில் உள்ள டூப்னாவில் ஃப்ளெரோவின் ஆய்வகம் இருந்தது. தன்னிச்சைப் பிளவைக் கண்டவர் அவர். ஆகவே புதிய தனிமங்களையும் பிளவைக் கொண்டே தேடினார். 1964இல் புளுட்டோனியத்தின் மீது நியான் கருக்களை மோதவிட்டு, பிளவுத் துண்டுகள் கண்ணாடித் தகடுகளில் விட்டுச் சென்ற தடங்களை எண்ணி, 104ஆம் தனிமத்தைக் கண்டதாக டூப்னா அறிவித்தது. பிளவு பேரோசையுடன் நிகழும் மரணம். அதன் ஆற்றல் ஏறக்குறைய 200 மெகா எலக்ட்ரான் வோல்ட். கவனிக்காமல் விட்டுவிட முடியாது. பிளவை எண்ணுவதன் வசதி இது.

ஆனால் அந்த ஓசையில் பெயர் இல்லை. பிளந்த கரு இரண்டு நடுத்தரத் துண்டுகளாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமான துண்டுகள். அவற்றைப் பார்த்து உடைந்த கரு 104ஆ, 103ஆ, 100ஆ என்று சொல்ல முடியாது. உடைந்த பானையின் சில்லுகள் இருக்கின்றன, ஆனால் அவை எந்தப் பானையின் சில்லுகள் என்பது தெரியாது.

பெர்க்லியில் கியோர்சோவின் குழு வேறு வழியை மேற்கொண்டது. ஆல்ஃபா சிதைவில் கரு உடைவதில்லை. இரண்டு புரோட்டான்களையும் இரண்டு நியூட்ரான்களையும் கழற்றி எறிந்துவிட்டு, அட்டவணையில் இரண்டு இடம் கீழே இறங்கி நிற்கிறது. 104 என்பது 102 ஆகிறது. அந்த 102 தன் முறை வரும்போது 100 ஆகிறது. ஒவ்வொரு படியிலும் கிளம்பும் ஆல்ஃபாவுக்கு அந்தக் கருவுக்கே உரிய ஆற்றல் உண்டு, உரிய அரைவாழ்வு உண்டு. பேத்தியையோ மகளையோ ஏற்கெனவே நமக்குத் தெரியும் என்றால், தாய் யார் என்பதைச் சொல்லிவிடலாம். 1969இல் கலிஃபோர்னியத்தின் மீது கார்பனை மோதவிட்ட பெர்க்லி குழு, புதிய ஆல்ஃபா ஒன்றையும், அதைத் தொடர்ந்து ஏற்கெனவே அறியப்பட்ட நொபீலியத்தின் ஆல்ஃபாவையும் ஒரே வம்சாவளியாகக் காட்டியது. 104 தங்களுடையதே என்றது.

தமிழில் எச்சம் என்றொரு அருமையான சொல் இருக்கிறது. எஞ்சி நிற்பது என்றும் பொருள், பிள்ளைகள் என்றும் பொருள். ஒருவரின் தகுதியை அவர் விட்டுச் செல்வதைக் கொண்டே உலகம் அறியும் என்ற கருத்தில் வள்ளுவர் இச்சொல்லை ஆள்கிறார். அங்கே எச்சம் என்பது மக்களைக் குறிக்கும் என்று பரிமேலழகர் கொள்கிறார். பெர்க்லியின் முறையை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளை விட்டுச் செல்லும் மரணமே பெயரையும் விட்டுச் செல்கிறது.

104க்கு டூப்னா குர்ச்சதோவியம் என்று பெயரிட்டது. பெர்க்லி ரூதர்ஃபோர்டியம் என்றது. இரண்டு நாட்டுப் பாடநூல்களிலும் பல்லாண்டுகள் இரண்டு பெயர்கள் இருந்தன. 105, 106 ஆகியவற்றுக்கும் இதே சண்டை. 1997இல்தான் சர்வதேச வேதியியல் ஒன்றியம் பெயர்களை இறுதி செய்து, 104ஐ ரூதர்ஃபோர்டியம் என்றும் 105ஐ டூப்னியம் என்றும் முடித்து வைத்தது. பனிப்போரின் பகை இச்சண்டைக்கு எண்ணெய் வார்த்தது உண்மை. ஆனால் அடியில் இருந்தது முறைமை பற்றிய நேர்மையான கேள்வி: எது போதுமான சாட்சி?

*

அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ இறுதியான விடையைத் தந்தது டார்ம்ஷ்டாட். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த 13 நொடிகளைச் சாத்தியமாக்கிய முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சிறு மாற்றங்களோடு உலகெங்கும் இன்றும் கையாளப்படுவது அதுவே.

முதல் சிக்கல் கூட்டம். நொடிக்குக் கோடி கோடியாக எறிகணைக் கருக்கள் வந்து பாய்கின்றன. பெரும்பாலானவை இலக்கைக் கடந்து நேரே போய்விடுகின்றன. சில, இலக்கிலிருந்து துண்டுகளைத் தட்டிப் பறித்துச் செல்கின்றன. இந்தப் பெருவெள்ளத்தில், நாளுக்கு ஒன்றோ மாதத்துக்கு ஒன்றோ பிறக்கும் ஒரு கருவைப் பிரித்தெடுக்க வேண்டும். எறிகணை வேகமாகப் போகிறது. அதை விழுங்கிக் கனத்த கரு மெதுவாகப் போகிறது. மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் தக்கவாறு அமைத்தால் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வருபவை மட்டும் நேரே செல்லும், மற்றவை விலக்கப்படும். ஷிப் என்று அழைக்கப்பட்ட டார்ம்ஷ்டாட்டின் வடிகட்டி இவ்வாறு செயல்பட்டது. டூப்னாவும் ஜப்பானின் ரிக்கென் நிறுவனமும் பின்னர் பெர்க்லியும், குறைந்த அழுத்தத்தில் வாயு நிரப்பிய காந்தங்களைக் கொண்டு இதே வேலையைச் செய்தன. எல்லாம் மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும். காரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் அடையாளம். வடிகட்டியைத் தாண்டிய கரு ஒரு சிலிக்கான் தகட்டில் சில மைக்ரோமீட்டர் ஆழத்தில் புதைகிறது. அந்தத் தகடே உணரி. எங்கே புதைந்தது, எவ்வளவு ஆற்றலோடு புதைந்தது, எப்போது புதைந்தது என்ற மூன்றையும் அது குறித்துக்கொள்கிறது. கரு அங்கேயே கிடந்து சிதைகிறது. ஆல்ஃபா கிளம்பும்போது அதே மூன்று விவரங்களும் பதிவாகின்றன. சேய்க் கருவும் அதே இடத்திலேயே இருக்கும், எங்கும் போகாது. ஆகவே ஒரே புள்ளியில் அடுத்தடுத்து நிகழ்பவை ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை என்று கொள்ளலாம். கரு அவ்வளவு மேலாகப் புதைந்திருப்பதால் ஆல்ஃபாக்களில் ஏறத்தாழப் பாதி முன்புறமாக வெளியே தப்பிவிடும். 1982இல் இரண்டாவது ஆல்ஃபாவுக்கு நேர்ந்தது அதுதான்.

மூன்றாவது சிக்கல் தற்செயல். தொடர்பில்லாத இரண்டு நிகழ்வுகள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்து ஒரு வம்சம்போல் தோற்றம் தரலாம். அது எத்தனை முறைக்கு ஒரு முறை நேரும் என்று கணக்கிட வேண்டும். சங்கிலி நீள நீள, நேரம் குறுகக் குறுக, தற்செயலின் வாய்ப்புச் சுருங்குகிறது. டூப்னா குழுவினர் இதில் ஓர் அழகிய நுட்பத்தைச் சேர்த்தார்கள். ஒரு கரு புதைந்து, அதே இடத்தில் எதிர்பார்த்த வகை ஆல்ஃபாவும் கிளம்பிய உடனேயே முடுக்கியின் கற்றை தானாக நின்றுவிடும். இரைச்சல் அடங்கிய அந்த அமைதியில் சேய்களின் சாவுக்குக் காத்திருப்பார்கள். சாகக் கிடப்பவரின் கடைசிச் சொல்லைக் கேட்க வீட்டில் எல்லோரும் மூச்சடக்குவதைப்போல.

இந்த முறையைக் கொண்டு டார்ம்ஷ்டாட் 107 முதல் 112 வரை ஆறு தனிமங்களை வரிசையாகக் கண்டறிந்தது. ஈயம், பிஸ்மத் ஆகியவற்றை இலக்காகக் கொண்டால் பிறக்கும் கரு குறைந்த வெப்பத்தோடு பிறக்கும், பிளந்து அழியாமல் தப்பும் வாய்ப்பு கூடும் என்ற கருத்து டூப்னாவின் யூரி ஒகானேசியனுடையது. பகை முகாம்கள் என்று சொல்லப்பட்டவற்றுக்கிடையே இப்படியும் கொடுக்கல் வாங்கல் இருந்தது.

*

இப்போது இவ்வரலாற்றின் கசப்பான பக்கத்துக்கு வருகிறோம்.

1990களின் இறுதியில் பெர்க்லி பின்தங்கியிருந்தது. ராபர்ட் ஸ்மொலான்சுக் என்ற போலந்துக் கோட்பாட்டாளர், ஈயத்தின் மீது கிரிப்டானை மோதவிட்டால் 118ஆம் தனிமம் வியக்கத்தக்க அளவில் கிடைக்கும் என்று கணித்தார். பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பெர்க்லியிடம் புதிய வாயுநிரப்பு வடிகட்டி ஒன்று இருந்தது. டார்ம்ஷ்டாட்டில் 110, 111, 112 ஆகியவற்றின் கண்டுபிடிப்பில் பங்கேற்ற விக்டர் நினோவ் என்ற திறமையான இயற்பியலாளரும் அங்கே வந்து சேர்ந்திருந்தார். 1999 வசந்த காலத்தில் சோதனை நடந்தது. 11 நாட்களில் மூன்று சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு ஆல்ஃபாக்கள். ஆற்றல்கள் கோட்பாட்டோடு ஒத்துப்போயின. 118ஐயும் அதன் சேயான 116ஐயும் ஒருங்கே கண்டதாக ஜூன் மாதம் அறிவித்தார்கள். முதிய கியோர்சோவின் பெயரும் அந்தக் கட்டுரையில் இருந்தது.

டார்ம்ஷ்டாட் அதைத் திரும்பச் செய்து பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. பிரான்சிலும் ஜப்பானிலும் முயன்றார்கள். ஒன்றும் இல்லை. பெர்க்லியே 2000இல் மீண்டும் முயன்றது. அப்போதும் இல்லை. 2001இல் கருவியைச் செம்மைப்படுத்தி மறுபடி முயன்றபோது ஒரு சங்கிலி கிடைத்ததாக நினோவ் சொன்னார். இம்முறை குழுவின் மற்றவர்களும் மூலப் பதிவைத் தாங்களே படித்துப் பார்த்தார்கள். அந்தச் சங்கிலி அங்கே இல்லை. பழைய நாடாக்களை எடுத்துப் பார்த்தார்கள். 1999இன் மூன்று சங்கிலிகளும் அவற்றில் இல்லை.

2001 ஜூலையில் பெர்க்லி தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. தரவுகள் புனையப்பட்டவை என்றும் அதற்குப் பொறுப்பு நினோவே என்றும் விசாரணைக் குழு முடிவு செய்தது. 2002இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் கடைசிவரை அதை மறுத்தார். செய்தி அறிந்த டார்ம்ஷ்டாட் குழு தன் பழைய நாடாக்களையும் தோண்டி எடுத்துப் பார்த்தது. 110க்கும் 112க்கும் காட்டப்பட்ட சங்கிலிகளில் தலா ஒன்று மூலப் பதிவில் இல்லை என்று தெரிந்தது. மற்றச் சங்கிலிகள் உண்மையாக இருந்ததால் அந்தக் கண்டுபிடிப்புகள் தப்பின.

இச்சம்பவத்தைத் தனிமனித வீழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. மூலப் பதிவிலிருந்து சங்கிலியைத் தேடியெடுக்கும் மென்பொருளைக் கையாளத் தெரிந்தவர் அப்போது அக்குழுவில் ஏறக்குறைய ஒருவரே. மற்றவர்கள் அவர் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தார்கள். அது எதிர்பார்த்ததைப் போலவே இருந்தது, மகிழ்ந்தார்கள். தற்செயலின் வாய்ப்பைக் கோடியில் ஒன்று என்று கணக்கிடத் தெரிந்த துறை, சாட்சி பொய் சொல்லும் வாய்ப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. வடிகட்டி, உணரி, கடிகாரம் என்று எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டாகச் சரிபார்த்தவர்கள், நாடாவைத் தங்கள் கண்ணால் ஒருமுறை படிக்கவில்லை. நாடாவைப் படித்த அன்றே பொய் குலைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொய்யைச் சொன்னதும் பிடித்ததும் ஒரே குழுதான்.

*

அதே ஆண்டுகளில் டூப்னாவும் ரிக்கெனும் செய்தவற்றை இதன் அருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒகானேசியன் ஈயத்தை விட்டுவிட்டு, புளுட்டோனியம், கியூரியம், கலிஃபோர்னியம் போன்ற இலக்குகளின் மீது கால்சியம்-48ஐ மோதவிடும் வழிக்குப் போனார். இயற்கைக் கால்சியத்தில் ஆயிரத்துக்கு இரண்டுக்கும் குறைவான அணுக்களே கால்சியம்-48. விலை மிக அதிகம். ஆனால் அதில் நியூட்ரான்கள் மிகுதி. 114 புரோட்டான்களையும் 184 நியூட்ரான்களையும் சுற்றிலும் நீண்ட ஆயுள் கொண்ட கருக்களின் தீவு ஒன்று இருக்கலாம் என்று 1960களிலிருந்து கோட்பாட்டாளர்கள் சொல்லி வந்தார்கள். அந்தத் திசையில் போவதற்கு நியூட்ரான் வேண்டும். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தோடு சேர்ந்து டூப்னா 1998 டிசம்பரில் 114இன் முதல் சங்கிலியைக் கண்டது. அந்தக் கரு ஏறத்தாழ அரை நிமிடம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. 2002இல் தொடங்கிய சோதனைகளில் 118உம் கிடைத்தது. ஒரு மில்லி நொடிக்கும் குறைந்த ஆயுள். பெர்க்லியின் அவமானம் நினைவில் பசுமையாக இருந்ததால், மேலும் சங்கிலிகள் கிடைக்கும்வரை காத்திருந்து 2006இல்தான் அதை உறுதியாக அறிவித்தார்கள்.

டூப்னாவின் முறையில் ஒரு குறை இருந்தது. அவர்களுடைய கருக்களின் எச்சங்களும் புதியவை. சங்கிலி இறங்கி இறங்கிக் கடைசியில் ஏற்கெனவே அறியப்பட்ட எந்தக் கருவையும் தொடாமல் பிளவில் முடிந்தது. வம்சாவளி நீளமாக இருக்கிறது, ஆனால் அதில் ஒருவரையும் ஊரார் அறியவில்லை. எனவே ஒரே சேயை வெவ்வேறு தாய்களின் வழியாகப் பிறப்பித்துக் காட்டியும், பிற ஆய்வகங்கள் செய்து பார்த்தும்தான் நம்பிக்கை வளர்ந்தது. 2009இல் 114ஐ முதன்முதலாகத் தனித்து உறுதி செய்தது எந்த ஆய்வகம் தெரியுமா? பெர்க்லி. அதே வடிகட்டியைக் கொண்டு, இரண்டு அணுக்களைக் கண்டு.

117க்கான கதை வேறு விதமானது. அதற்குத் தேவையான பெர்க்கீலியம்-249இன் அரைவாழ்வு ஏறத்தாழ 330 நாட்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையில் மாதக்கணக்கில் சமைத்து, மூன்று மாதம் தூய்மைப்படுத்தி, 22 மில்லிகிராம் எடுத்தார்கள். எடுத்த நாளிலிருந்தே அது கரையத் தொடங்கிவிட்டது. ஆவணங்களில் குறை என்று சுங்க அதிகாரிகள் திருப்பியனுப்ப, அந்தப் பொட்டலம் அட்லாண்டிக் கடலை ஐந்து முறை கடந்து 2009இல் ரஷ்யா போய்ச் சேர்ந்தது. கிடைத்தவை ஆறு அணுக்கள்.

ஜப்பானின் கோசுகே மொரிதாவின் குழு எதிர்த் திசையில் போனது. அரிதாகப் பிறந்தாலும் பரவாயில்லை, வம்சாவளி தெரிந்த கருவில் முடிய வேண்டும் என்று பிஸ்மத் மீது துத்தநாகத்தை மோதவிட்டார்கள். 2003 செப்டம்பரில் தொடங்கினார்கள். 2004 ஜூலை 23இல் ஒரு சங்கிலி. 2005 ஏப்ரல் 2இல் இன்னொன்று. நான்கு ஆல்ஃபாக்கள் இறங்கி, டூப்னியம் பிளந்து முடிந்தது. தங்கள் சங்கிலியின் நடுவே உள்ள போரியம்-266 பற்றி உலகம் அறிந்தது மிகச் சிறிது என்று மதிப்பீட்டாளர்கள் தயங்கினார்கள். மொரிதா வாதாடவில்லை. போரியம்-266ஐ வேறு வழியில் நேரடியாகப் பிறப்பித்து அதன் குணங்களை அளந்து வந்தார். பிறகு மீண்டும் துத்தநாகத்துக்குத் திரும்பினார். ஆண்டுகள் போயின. 2011இல் நாட்டை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. 2012 ஆகஸ்ட் 12இல் மூன்றாவது சங்கிலி வந்தது. இம்முறை டூப்னியம் பிளக்கவில்லை. இன்னும் இரண்டு ஆல்ஃபாக்களை வெளியிட்டு, மெண்டலீவியம்வரை இறங்கியது. 1955இல் தீ எச்சரிக்கை மணியை அடித்த அதே தனிமம்.

ஒன்பது ஆண்டுகள், ஏறத்தாழ 550 நாட்கள் கற்றை, ஒன்றுக்குப் பின் 20 சுழியங்கள் போட்டாலும் போதாத அளவுக்குத் துத்தநாகக் கருக்கள். கிடைத்தவை மூன்று சங்கிலிகள். கடைசிச் சங்கிலியில் ஆறு ஆல்ஃபாக்கள். பெர்க்லியில் 11 நாட்களில் கிடைத்ததாகச் சொல்லப்பட்டதும் இதே மூன்றுதான், இதே ஆறுதான். காகிதத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

2015 இறுதியில் 113ஆம் தனிமம் ரிக்கெனுக்கு உரியது என்று அங்கீகரிக்கப்பட்டது. 2016இல் அதற்கு நிஹோனியம் என்று பெயர் வந்தது. இதற்கும் ஓர் எச்சம் உண்டு. 1908இல் மசதகா ஒகாவா என்ற ஜப்பானிய வேதியியலாளர் புதிய தனிமம் ஒன்றைக் கண்டதாகச் சொல்லி நிப்போனியம் என்று பெயரிட்டார். அதை 43ஆம் தனிமம் என்று அவர் கருதியது பிழை. அந்தப் பெயர் அட்டவணையிலிருந்து மறைந்தது. நூறாண்டுக்குப் பிறகு வந்தவர்கள் அதே சொல்லை வேறு உச்சரிப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

*

எச்சத்தை மட்டுமே நம்பியிருக்கும் நிலையிலிருந்து விடுபடும் முயற்சிகளும் நடக்கின்றன. 2012இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு டார்ம்ஷ்டாட்டில் 115இன் 30 சங்கிலிகளைப் பதிவு செய்து, சிதைவின்போது வெளிப்படும் எக்ஸ் கதிர்களையும் காமா கதிர்களையும் தேடியது. எக்ஸ் கதிரின் ஆற்றல் அணு எண்ணை நேராகச் சொல்லிவிடும், கைரேகையைப்போல. ஐயத்துக்கு இடமில்லாத ரேகை அப்போது கிடைக்கவில்லை. 2018இல் பெர்க்லியில் ஃபியோனா என்ற கருவி 115இன் ஒரு கருவையும் 113இன் ஒரு கருவையும் நிறுத்து, அவற்றின் நிறை எண்கள் 288, 284 என்று நேரடியாகக் காட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நிகழ்வு. டூப்னாக் குழு பதினைந்து ஆண்டுகளாக வம்சாவளியைக் கொண்டு சொல்லி வந்த எண்கள் சரியே என்று தெரிந்தது. 2024இல் அதே பெர்க்லி, டைட்டேனியத்தைப் புளுட்டோனியத்தின் மீது 22 நாட்கள் மோதவிட்டு, 116இன் இரண்டு அணுக்களைக் கண்டதாக அறிவித்தது. 120ஆம் தனிமத்தைத் தேடுவதற்கான முன்னோட்டம் அது.

அந்த இரண்டு அணுக்களைப் பற்றிய செய்தியைப் படித்தபோது, 1999இன் மூன்று சங்கிலிகளும் நினைவுக்கு வந்தன. அதே குன்று, அதே சைக்ளோட்ரான், அதே வடிகட்டி. 25 ஆண்டுகளில் கருவிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. ஆனால் பெர்க்லி இழந்ததை மீட்டுத் தந்தவை கருவிகள் மட்டுமல்ல. ஒரே நாடாவைப் பலர் படிக்கும் வழக்கம், ஒரு சங்கிலி போதாது என்று காத்திருக்கும் பொறுமை, அயலார் திரும்பச் செய்து பார்க்கும்வரை அடங்கியிருக்கும் பணிவு ஆகியவையும்தான்.

எச்சத்தைப் பற்றிய அந்தக் குறள் இருப்பது நடுவு நிலைமை என்ற அதிகாரத்தில். மைட்னேரியத்தின் அந்த ஒற்றை அணு 1982இல் 13 நொடிகளுக்குள் தன் கதையை முடித்துக்கொண்டது. எச்சத்தை விட்டுச் சென்றதோடு அதன் வேலை முடிந்தது. அதை ஒரு பக்கமும் சாயாமல் படிப்பது நம் வேலை.